சுபிக்ஷா சிரித்த இடம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜ் என் மருந்துக் கடையில் மறுபடியும் மக்கர் செய்கிறது. மெக்கானிக் நாளைதான் வருவானாம். அதுவரை மருந்துகளை வீட்டு ஃபிரிட்ஜில் கொண்டுவந்து வைத்தேன். மாவுச் சட்டிக்கு இடமில்லை என்று என் மனைவி கோமதி முகத்தைத் தூக்கிக்கொண்டாள். மனுஷ உயிர் பெரிதா, தோசை பெரிதா என்று கேட்டேன்.

மாலையில் பள்ளித் தாளாளர் அம்மா கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். தேவநாயகி மெட்ரிக் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகச் செயலாளர் என்ற முறையில் என்னிடம் ஒரு பொறுப்பு வந்திருக்கிறது. 'கோல்கீப்பர் குலசேகரன்' என்று ஒரு ஹாக்கி படம் நம் ஊர் தியேட்டரில் வெளியாகியிருக்கிறது. சில காட்சிகளைக் கோவில்பட்டியிலேயே எடுத்தார்களாம். நம் பள்ளிப் பெண்கள் அணி மாவட்டக் கோப்பையை ஜெயித்திருப்பதால், ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கிற எல்லாருக்கும் ஒரு காட்சி இலவசமாகப் போடுகிறேன் என்று தியேட்டர்காரர் சொல்லியிருக்கிறார். ஆனால் படம் கொஞ்சம் அப்படி இப்படி என்று கேள்வி. நானும் தமிழாசிரியை செண்பகவல்லியும் முதலில் பார்த்துவிட்டு, அந்த வயதுப் பிள்ளைகளுக்கு உகந்ததா என்று எழுத்தில் தர வேண்டும்.

“ஆவுடையப்பன் சார் பார்த்துச் சொன்னா அதுக்கு மேல யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார்கள் தாளாளர் அம்மா.

நான் என் மகள் சுபிக்ஷாவையும் அழைத்துப் போவதாக முடிவு செய்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு. அதே ஹாக்கி அணியில் தடுப்பாட்டக்காரி. ஒரு மருந்தின் வீரியம் அட்டையைப் படித்தால் தெரியாது, உடம்பில்தான் தெரியும். நான் திரையைப் பார்க்கப் போவதில்லை. அவள் முகத்தைப் பார்க்கப் போகிறேன். இதை அவளிடம் சொல்லவில்லை. படத்துக்கு என்றதும் குதித்தாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பகல் காட்சி. செண்பகவல்லி டீச்சர் முறுக்குப் பொட்டலத்தோடு வந்திருந்தார். நடுவில் சுபிக்ஷா, அவளுக்கு இந்தப் பக்கம் நான்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. வேலை வெட்டி இல்லாத பதினொரு தடியன்கள் ஒரு ஹாக்கி அணி வைத்திருக்கிறார்கள். வாயைத் திறந்தால் இரட்டை அர்த்தம். மட்டை, பந்து, ஓட்டை என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் ஓட்டுகிறார்கள். அந்த வசனங்களில் ஒன்றையும் நான் இங்கே எழுத மாட்டேன். அப்போதெல்லாம் சுபிக்ஷாவின் முகத்தில் ஒன்றுமில்லை. ஒரு முறை கொட்டாவி விட்டாள். என் வளர்ப்பை நினைத்து மனசு நிறைந்தது.

இடைவேளைக்குப் பிறகுதான் அது நடந்தது. கோல்கீப்பராக நிற்பவன் அடிவயிற்றுக்குக் கீழே கட்டிக்கொள்ளும் 'கார்டு' என்ற கவசம் ஒன்று இருக்கிறது. இதை ஒரு தடவைதான் எழுதுகிறேன். இனி 'அந்தப் பொருள்' என்று குறிப்பிடுவேன். குலசேகரன் என்ற அந்தத் தொப்பைக்காரன் அதை என்ன செய்வதென்று தெரியாமல் முகத்தில் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடி வருகிறான். தியேட்டரே அதிர்ந்தது. என் மகள் சிரித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. இருக்கைக் கையைத் தட்டித் தட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். டீச்சரும் கூடச் சேர்ந்துகொண்டார்.

சிரிக்க வேண்டுமென்றால் புரிந்திருக்க வேண்டும். புரிந்திருக்க வேண்டுமென்றால் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

முடிவில் எதிரணிக்காரர்கள் குலசேகரனைக் கேவலமாகக் கேலி செய்ய, அவனுடைய ஆட்கள் பத்துப் பேரும் அந்தப் பொருளைக் கால்சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நிற்கிறார்கள். ஆபாசத்தின் உச்சம். செண்பகவல்லி டீச்சர் அந்த இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தமிழ் படித்த பெண்மணி!

வீட்டுக்கு வந்ததும் கோமதி சாப்பாடு எடுத்து வைத்தாள். சுபிக்ஷா தட்டில் கை வைக்கும் முன் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“அந்த இடத்துல ஏன் சிரிச்ச?”

“எந்த இடத்துலப்பா?”

“நடிக்காத. அவன் மூஞ்சில கட்டிக்கிட்டு வந்தானே, அங்க.”

“அதுவா? எங்க மாரியும் அப்படித்தாம்ப்பா செஞ்சா. புது கிட்டு வந்த அன்னிக்கு அவளுக்கு அது என்னன்னே தெரியல. முகத்துக்குன்னு நெனச்சுக் கட்டிக்கிட்டு வந்து நின்னா. நாங்க எல்லாரும் விழுந்து விழுந்து…”

மாரீஸ்வரி அவர்களுடைய கோல்கீப்பர். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை.

“அப்புறம் அது எதுக்குன்னு யாரு சொன்னது?”

“மாஸ்டர்தான்.”

“கோச் வேல்சாமியா? பொம்பளப் பிள்ளைககிட்டயா?”

“எல்லாரையும் நிக்க வச்சுத்தாம்ப்பா சொன்னாரு. அங்க அடிபட்டா ரொம்ப மோசமாயிரும், வெக்கப்பட்டுக்கிட்டு யாரும் போடாம எறங்கக் கூடாதுன்னு. அப்புறம் எப்படிப் போடணும்னு பி.டி. மிஸ் உள்ள கூட்டிட்டுப் போயி…”

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தட்டைத் திருப்பித் தள்ளினேன். அவள் சாப்பிடவில்லை. கோமதி சமையலறையிலிருந்தே, “அது பாதுகாப்புச் சாமான்தானங்க, அதுல என்ன இருக்கு?” என்றாள். என் கடையில் நாப்கினையே செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுத்தான் கொடுக்கிறேன். இவளுக்கு எதுவும் புரிவதில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

அறிக்கை எழுதி முடித்தேன். உகந்ததல்ல.

செண்பகவல்லி டீச்சர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். “படம் அழுக்குத்தான் சார். ஆனா அதுல யாரும் யாரையும் கைவிடல. பிள்ளைக அதையும் பார்ப்பாங்க” என்றார். உங்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால் பயம் இல்லை என்றேன். டீச்சர் அறிக்கையை என் பக்கம் தள்ளினார். பிறகு எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார். உண்மையைச் சொன்னால் பலருக்குச் சுடுகிறது.

ஃபிரிட்ஜ் சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

படத்தை நிறுத்துவது சுலபம். வேர் வேறு இடத்தில் இருக்கிறது. தாளாளர் அம்மாவிடம் வேல்சாமி விஷயத்தைச் சொன்னேன். தயங்கினார்கள். அவர் வந்த பிறகுதான் பள்ளிக்குக் கோப்பையே வந்தது, அணியில் உள்ள ஒரு பிள்ளையே எழுதிக் கொடுத்தால் விசாரிக்கலாம் என்றார்கள்.

மாலை சுபிக்ஷாவை உட்கார வைத்து நான் சொல்லச் சொல்ல எழுத வைத்தேன். 'எங்கள் பயிற்சியாளர் மாணவிகளாகிய எங்கள் முன்னிலையில் அந்தரங்க உறுப்புகளைப் பற்றிப் பேசினார்' என்ற வரியில் பேனாவை நிறுத்திவிட்டாள்.

“அப்படி இல்லப்பா. இப்படி எழுதுனா வேற மாதிரி இருக்கு.”

“பேசுனாரா, பேசலையா?”

“பேசுனாரு. ஆனா…”

“பேசுனது உண்மைன்னா எழுதுறதும் உண்மை.”

“மாஸ்டர் பாவம்ப்பா.”

“எழுதலைன்னா விடு. நாளையிலேர்ந்து ஹாக்கி கிடையாது. மட்டையைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு வந்து புக்கை எடு.”

கொஞ்ச நேரம் மட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள். கையெழுத்து கோணல். அழித்து, வேறு தாளில் ஒழுங்காக எழுத வைத்தேன்.

பிள்ளைகளை அடிப்பது எனக்குப் பிடிக்காது. இதுவரை அவள்மேல் கை வைத்ததில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

விசாரணை. தாளாளர் அம்மா, தலைமையாசிரியை, நான். வேல்சாமி நீலப் பனியனும் விசிலுமாக அப்படியே மைதானத்திலிருந்து வந்தார்.

“பேசுனீங்களா?” என்று கேட்டார்கள்.

“ஆமா. பேசாம எப்படி? கோல்ல நிக்கிற பிள்ளைக்கு அடிபடக் கூடாதுல்ல. மறைவா ஒண்ணும் சொல்லல, அம்புட்டுப் பேரையும் வச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். நீங்க அந்தப் பி.டி. மிஸ்ஸையும் கேளுங்க.”

பி.டி. மிஸ் பிரசவ விடுப்பில் இருக்கிறார். ஒப்புக்கொண்ட பிறகு வேறு யாரைக் கேட்க வேண்டும் என்றேன். சுபிக்ஷாவைக் கூப்பிட்டு, எழுதியது நீதானா என்று மட்டும் கேட்டார்கள். தலையாட்டினாள். வேல்சாமியின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தாளை வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுத்தார். அவளைப் பார்த்து, “சரி தாயி, நீ கிளாசுக்குப் போ” என்றார். குற்றவாளிகள் இப்படித்தான் நல்லவர்கள் மாதிரி பேசுவார்கள்.

இனிமேல் பள்ளி வளாகத்துக்குள் வருவதில்லை, மாணவிகள் யாருடனும் பேசுவதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

என் யோசனைப்படி ஒரு விதியும் போட்டாயிற்று: இனி எந்த ஆசிரியரும் மாணவிகளிடம் உடல் சம்பந்தமாக எதுவும் கேட்கவோ சொல்லவோ கூடாது. அணியைக் கவனிக்கும் பொறுப்பு கணக்கு வாத்தியாருக்கு. அவருக்கு ஹாக்கி தெரியாது. ஆனால் ஒழுக்கமானவர்.

ஆகஸ்ட் 13, புதன்

விளையாட்டு அறையை நானே நேரில் போய்ப் பார்த்தேன். கோல்கீப்பர் பைக்குள் அந்தப் பொருள் இருந்தது. செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்து, பள்ளிக்குப் பின்னால் குப்பை எரிக்கும் இடத்தில் போட்டேன். கணக்கு வாத்தியார் பக்கத்தில்தான் நின்றார். அது என்ன என்று கேட்கவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்று விழாவில் எனக்குப் பொன்னாடை. பிள்ளைகளின் பண்பாட்டைக் காத்த பெற்றோர் என்று தாளாளர் அம்மா பேசினார்கள். நல்ல கைதட்டல். ஹாக்கிப் பிள்ளைகள் நின்ற வரிசை மட்டும் தட்டவில்லை. சுபிக்ஷா அந்த வரிசையில் இல்லை. அவளைச் சேர்க்காமல் தள்ளி நிற்க விட்டிருந்தார்கள். அவளோடு அந்த மாரீஸ்வரி மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

கோமதி விழாவுக்கு வரவில்லை. தலைவலியாம்.

ஆகஸ்ட் 23, சனி

பயிற்சி ஆட்டத்தில் ஒரு பிள்ளைக்கு அடி என்று பள்ளியிலிருந்து கடைக்கு ஃபோன். ஐஸ் கட்டியும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பினேன். பிறகுதான் தெரிந்தது, மாரீஸ்வரியாம். யாரோ ஓங்கி அடித்த பந்து நேராக அடிவயிற்றுக்குக் கீழே. மைதானத்திலேயே சுருண்டு விழுந்துவிட்டாளாம். ரத்தப் போக்கு நிற்கவில்லை என்று ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

விளையாட்டில் அடி சகஜம். தாளாளர் அம்மா பதற்றமாக ஃபோன் செய்தபோது இதைத்தான் சொன்னேன்.

சுபிக்ஷா சட்டையெல்லாம் ரத்தக் கறையோடு வந்தாள். அவள் மடியில்தான் அந்தப் பிள்ளையின் தலை இருந்ததாம். குளிக்கச் சொன்னேன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கோமதிதான் குழந்தையைத் தூக்குவதுபோல் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அறுவை சிகிச்சை முடிந்துவிட்டதாம். உயிருக்குப் பயமில்லை. இனி ஓடியாடும் விளையாட்டே கூடாது என்று டாக்டர் சொன்னதாகப் பேச்சு. கல்யாணம், பிள்ளைப்பேறு பற்றியெல்லாம் இப்போது ஒன்றும் சொல்ல முடியாதாம். பெண் பிள்ளைக்கு எதற்குக் கோலும் மட்டையும் என்று நான் எப்போதோ சொன்னதுதான்.

பகலில் அவளுடைய அம்மா பேச்சியம்மாள் என் கடைக்கே வந்துவிட்டாள், மருந்துச் சீட்டோடு. விரல் நுனியெல்லாம் தீக்குச்சி மருந்தின் கறை. எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று உறைமேல் சூரியனும் நிலாவும் வரைந்து விளக்கமாகச் சொன்னேன். போகாமல் நின்றாள்.

“சார், ஒண்ணு கேக்கணும். அந்தச் சாமானைப் போட்டுக்கிட்டுத்தான் எம்பிள்ள எறங்குவா. மாஸ்டர் போடாம விடவே மாட்டாரு. அன்னிக்குப் பையில காணுமாம். போடாட்டாலும் பரவால்ல, நில்லுன்னுட்டாகளாம். எங்க போயிருக்கும் சார்? நீங்க பள்ளிக்கூடத்துல பெரிய ஆளாச்சே, கேட்டுச் சொல்லுங்களேன்.”

விசாரிக்கிறேன் என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அதைச் சொல்லி இனி என்ன ஆகப்போகிறது? அந்தப் பிள்ளைக்கு அது குணமாகிவிடுமா? அழுதுகொண்டிருப்பவளுக்கு மேலும் ஒரு வருத்தம், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இரவுச் சாப்பாட்டில் சுபிக்ஷா வாய் திறந்தாள். பல நாளாகப் பேச்சே இல்லை, சந்தோஷப்பட்டேன்.

“ஆறாம் தேதி மண்டலப் போட்டி. கோல்ல நிக்க யாரும் வர மாட்டேங்காங்க. நான் நிக்கப் போறேன்.”

கோமதி சாதம் போட்டுக்கொண்டே இருந்தாள். இவளுக்கு முன்பே தெரியும் போலிருந்தது.

“நீ டிஃபென்ஸ்தான? உனக்கு என்ன தெரியும் கோல்ல நிக்க?”

“மாரிக்கு பதிலா நான்தான் நிக்கணும்.”

“சரி, நிக்கிறதுன்னா பாதுகாப்பா… அதெல்லாம்… எல்லாம் ஒழுங்கா மாட்டிக்கிட்டு…”

“எதெல்லாம்ப்பா?”

சோற்றைப் பிசைந்தபடி என்னையே பார்த்தாள். பதில் சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள் போலிருந்தது.

“எல்லாந்தான்” என்றேன்.

“ஹெல்மெட் இருக்கு, பேடு இருக்கு. வேற ஒண்ணும் பையில இல்ல. இருந்தது அசிங்கம்னு யாரோ எடுத்துட்டாங்களாம்.”

எனக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஆகஸ்ட் 30, சனி

தாளாளர் அம்மாவைப் பார்த்து, என் மகளை அணியிலிருந்து நீக்கிவிடுங்கள் என்றேன். கோல்கீப்பர் இல்லாவிட்டால் பள்ளியே போட்டியில் கலந்துகொள்ள முடியாது, விளம்பரப் பலகையெல்லாம் வைத்தாகிவிட்டது என்றார்கள். “விளையாட்டுல அடி சகஜம்னு நீங்கதான சொன்னீங்க சார்?” என்றும் கேட்டார்கள். சம்மதக் கடிதத்தில் கோமதி கையெழுத்துப் போட்டிருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை.

அப்படியானால், அவள் எல்லாக் கவசமும் அணிந்திருக்கிறாளா என்று யாராவது கேட்டு உறுதி செய்யுங்கள் என்றேன். தாளாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “யாரு கேக்கிறது? கேக்கக் கூடாதுன்னு விதி போட்டிருக்கோமே” என்றார்கள்.

செப்டம்பர் 1, திங்கள்

விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். கடையில் ஒரு பெண் நின்றாள்.

“என்ன சார் வேணும்?”

“ஹாக்கிக்கு… கோல்கீப்பருக்கு.”

“கோல்கீப்பருக்கு என்ன சார்? கிளவுஸா, பேடா?”

“அது இல்ல. வந்து… இடுப்புல.”

“பெல்ட்டா?”

“கீழ.”

“முழங்காலுக்கா? நீ-கேப்பா?” என்றாள். அடக்கிய சிரிப்பு கேட்டது. கடைக்குள் இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அவளாகவே புரிந்துகொண்டு, “பொண்ணுக்கா, பையனுக்கா?” என்று உரக்கக் கேட்டாள். அந்த நிமிஷம் நான் பட்ட பாட்டை எழுத முடியாது. பொண்ணுக்கு என்றேன். அப்படியே கையில் எடுத்துக் கொடுத்தாள். சுற்றித் தா என்றேன். “எதுக்கு சார்?” என்றாள்.

வீட்டில் சுபிக்ஷாவின் மேஜைமேல் வைத்தேன். மாலையில் பார்த்தால் பொட்டலம் பிரிக்காமல் என் மேஜைமேல் இருந்தது.

செப்டம்பர் 3, புதன்

மூன்று நாளாக அந்தப் பொட்டலம் என் மேஜைக்கும் அவள் மேஜைக்கும் போய்வருகிறது. கோமதியிடம் நீ சொல் என்றேன். “நீங்க வாங்கினது. நீங்க சொல்லுங்க” என்றாள்.

வேறு வழியில்லாமல் வேல்சாமியைத் தேடிப் போனேன். கடலைமிட்டாய்க் கம்பெனி ஒன்றில் சுமை ஏற்றுகிறார். வேறு எந்தப் பள்ளியிலும் சேர்க்கவில்லையாம். காரணம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அட்டைப் பெட்டிகளை வேனில் அடுக்கிக்கொண்டிருந்தார். பாகு வாசனை. என்னைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை.

“சுபிக்ஷா கோல்ல நிக்கிறா” என்றேன்.

“தெரியும்.”

“போடாம நிக்கிறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா.”

“பிள்ளைககிட்ட பேசக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்கீகளே சார்.”

“இது வேற விஷயம்.”

“எது வேற விஷயம்? அன்னிக்கு நான் சொன்னதும் இதான. சரி, என்னத்தப் போடச் சொல்லணும்? சொல்லுங்க.”

“அந்தப் பொருளை.”

பெட்டியைக் கீழே வைத்தார். “அதுக்கு ஒரு பேரு இருக்கு சார். இந்தா இம்புட்டுப் பேரு நிக்காக. இவுக முன்னாடி சொல்லுங்க. 'எம்மகளுக்கு இதப் போடச் சொல்லுங்க வேல்சாமி, நீங்க அன்னிக்குச் சொன்னதுல தப்பில்ல'ன்னு சொல்லுங்க. நான் இப்பமே வாரேன்.”

மிட்டாய் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு நிலையில் இருக்கிறவன். கழகச் செயலாளர். எழுத்தில் கொடுத்த ஒன்றை நடுத்தெருவில் மாற்றிச் சொல்ல முடியுமா?

வேல்சாமி குனிந்து பெட்டியைத் தூக்கினார். “வேன் பொறப்படணும். வழிய விடுங்க சார்” என்றார்.

செப்டம்பர் 6, சனி

இன்று நடந்ததை எழுத மனசில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மைதானம் நிறைந்திருந்தது. கோமதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எழுந்து அந்தப் பக்கம், செண்பகவல்லி டீச்சரோடு உட்கார்ந்துகொண்டாள். கம்பி வேலிக்கு வெளியே ரோட்டில் ஒரு வேன். அதன்மேல் சாய்ந்துகொண்டு வேல்சாமி நின்றார். ரோட்டில் நிற்பதை யாரும் தடுக்க முடியாது.

சுபிக்ஷா பெரிய பேடுகளோடு கோலுக்குப் போனாள். போகும் வழியில் நான் இருக்கும் பக்கம் பார்த்து நின்றாள். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை. நான் எழுந்தேன். வாயைத் திறந்தேன். பக்கத்தில் தாளாளர் அம்மா, அவருக்குப் பக்கத்தில் சிறப்பு விருந்தினர். “நல்லா ஆடும்மா” என்றேன். அவள் திரும்பிப் போனாள்.

ஒவ்வொரு பந்தும் என் வயிற்றில் விழுந்தது. எதிரணியில் ஒரு உயரமான பெண். அவள் மட்டையை ஓங்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன், பேடில் பட்டதா, பலகையில் பட்டதா என்று. கடைசிப் பகுதியில் ஒரு பெனால்டி கார்னர். அந்த உயரமான பெண் அடித்தாள். அப்போதும் மூடிக்கொண்டேன். டப்பென்று வேறு மாதிரி ஒரு சத்தம். பிறகு கூட்டமே 'ஐயோ' என்றது.

கண்ணைத் திறந்தபோது சுபிக்ஷா தரையில் குப்புறக் கிடந்தாள்.

நான் அலறினேன். அந்த வார்த்தையைச் சொல்லித்தான் அலறினேனாம். கார்டு போடலை, கார்டு போடலை, அவ கார்டு போடலை என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. ஆடுகளத் தடுப்புக் கம்பியைத் தாண்ட முயன்று வேட்டி கிழிந்தது மட்டும் நினைவிருக்கிறது.

நான் போய்ச் சேரும் முன்பே அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அடிவயிற்றின் கீழே முஷ்டியால் இரண்டு தடவை தட்டிக் காட்டினாள். டக் டக் என்று கெட்டியான சத்தம். “ஒண்ணுமில்ல சார், கார்டுலதான் பட்டுச்சு” என்று நடுவரிடம் சொன்னாள். வேலிக்கு வெளியே வேல்சாமி கையை உயர்த்தினார். இவளும் கையை உயர்த்தினாள்.

ஆட்டத்தில் தோற்றுவிட்டார்கள். அதைப் பற்றி யாரும் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

கோமதி காலையில் எல்லாவற்றையும் சொன்னாள், கீரை ஆய்ந்துகொண்டே. மாரீஸ்வரிக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாளே சுபிக்ஷாவைக் கூட்டிக்கொண்டு வேல்சாமி வீட்டுக்குப் போயிருக்கிறாள். சுபிக்ஷா அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். கார்டு இல்லாமல் கோலில் நிற்காதே என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லையாம். அன்றைக்கே வாங்கியாகிவிட்டது. முதல் பயிற்சியிலிருந்தே போட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். செண்பகவல்லி டீச்சருக்குத் தெரியும். அணிக்குத் தெரியும். பையிலிருந்து எடுத்தது யார் என்பதைக் கணக்கு வாத்தியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பேச்சியம்மாளிடம் சுபிக்ஷாவே நேரில் போய்ச் சொல்லிவிட்டாளாம்.

“ஊருக்கே தெரிஞ்சிருக்கு. என்னை மட்டும் இத்தனை நாள் வதைச்சிருக்கீங்க” என்றேன்.

“ஆமா” என்றாள் கோமதி.

சுபிக்ஷா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க கேக்கலியேப்பா.”

“எத்தனை தடவை கேட்டேன்!”

“இல்லப்பா. 'கார்டு போட்டிருக்கியா'ன்னு ஒரு தடவை கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன்.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இந்த மருந்து ஸ்டாக் இல்லை என்று நான் கடையில் சொல்வதுபோல் சொன்னாள். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால் பேசுவாளோ என்று தோன்றியது. எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

கொஞ்சம் கழித்து நானும் போனேன். தெருப் பக்கக் கொடியில் பனியன், சாக்ஸ், அதற்குப் பக்கத்தில் கார்டு, கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தாள். ரோட்டில் நின்றால் நேராகத் தெரியும். உள்பக்கக் கொடிக்கு மாற்றலாம் என்று கை நீட்டினேன்.

“ஈரம் காயல. விடுங்க” என்றாள் பின்னாலிருந்து.

விட்டுவிட்டேன். அங்கேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால்காரர் போனார். எதிர்வீட்டுத் தம்பதி கோவிலுக்குப் போனார்கள். பிறகு தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டே போனார்கள். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.